கொடுங்கோலரின் பந்தி

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு புடைப்புச் சிற்பம் இருக்கிறது. வடக்கு ஈராக்கில், பழைய நினிவே நகரத்து அரண்மனைச் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்து வந்தது, கி.மு. 645ஐ ஒட்டிச் செதுக்கப்பட்டது. திராட்சைக்கொடி பந்தலாகப் படர்ந்திருக்கிறது. அதன் நிழலில் அசீரியப் பேரரசன் அசுர்பானிபால் மஞ்சத்தில் சாய்ந்தபடி கிண்ணம் ஏந்தியிருக்கிறான். அருகே உயர்ந்த ஆசனத்தில் அரசி. பணியாளர்கள் விசிறுகிறார்கள், உணவுத் தட்டுகளைச் சுமந்து வருகிறார்கள், இசைக்கிறார்கள். இடப்பக்கத்து மரக்கிளை ஒன்றில் மனிதத் தலை ஒன்று தொங்குகிறது. அது ஏலாம் நாட்டு அரசன் தெயும்மானின் தலை. சில ஆண்டுகளுக்கு முன் தில்-துபா போரில் வெட்டப்பட்டது.

எதிரியின் தலையை வெட்டுவது போர்க்களத்து வேலை. அதை விருந்து நடக்கும் தோட்டத்துக்குக் கொண்டுவந்து கண்ணில் படும்படி மாட்டுவதும், அந்தக் காட்சியையே கல்லில் வெட்டி அரண்மனையில் பதிக்கச் சொல்வதும் வேறு. கொடுங்கோலர் என்று பெயரெடுத்தவர்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க இந்தச் சேர்க்கை விடாமல் எதிர்ப்படுகிறது. ஒருவன் கொடியவனாக இருக்கலாம், பெருந்தீனிக்காரனாகவும் இருக்கலாம். இரண்டும் தற்செயலாக ஓரிடத்தில் கூடலாம். ஆனால் ஒன்றையொன்று அறியாத அரசவைகளில், ஆயிரம் ஆண்டு இடைவெளிகளில், கொலையும் விருந்தும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்கின்றன என்றால் அதற்குக் காரணம் தேடத்தான் வேண்டும்.

பழைய விடை ஒன்று உண்டு. கொடுங்கோலனின் உள்ளம் கட்டுக்கடங்காத ஆசைகளின் பிடியில் இருக்கிறது என்றார் பிளேட்டோ. வயிற்றுப் பசியும் இரத்தப் பசியும் ஒரே வேரில் கிளைப்பவை என்பது இதிலிருந்து பிறந்த பொதுக்கருத்து. எனக்கு இது போதுமானதாகப் படவில்லை. ஹிட்லர் தம் கடைசி ஆண்டுகளில் இறைச்சி தொடவில்லை, மதுவையும் பெரும்பாலும் தவிர்த்தார். பிரெஞ்சுப் புரட்சியில் கில்லட்டினின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ரோபஸ்பியர், தச்சுத்தொழில் செய்த துப்ளே என்பவரின் வீட்டில் எளிய வாடகைதாரராக வாழ்ந்தவர். மறுபுறம், உண்டு களித்தே ஆட்சியைக் கழித்து எவர் தலையையும் வாங்காத மன்னர்கள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள். ஆகவே அரசன் என்ன தின்றான், எவ்வளவு தின்றான் என்று கணக்குப் பார்ப்பதில் பயனில்லை. அவனோடு யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஹிட்லர்கூடத் தனியாகச் சாப்பிடவில்லை. நள்ளிரவு தாண்டியும் அவர் பேச்சைக் கேட்டபடி எழுந்திருக்க முடியாமல் ஒரு கூட்டம் அவரோடு உட்கார்ந்திருந்தது.

வென்றவனின் விருந்திலிருந்து தொடங்கலாம். அதைப் புரிந்துகொள்வது எளிது. அசுர்பானிபாலுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியவன் இரண்டாம் அசுர்நசிர்பால். கல்ஹூ நகரத்தில் புதிய அரண்மனை கட்டி முடித்ததும் பத்து நாள் விருந்து வைத்தான். உண்டவர்கள் 69,574 பேர் என்று அவனே கல்லில் பொறித்து வைத்திருக்கிறான். பத்தாயிரம் குடம் பீர், பத்தாயிரம் தோற்பை திராட்சை மது. விருந்தினரில் ஐயாயிரம் பேர் வெளிநாட்டுத் தூதரும் பெரியோரும். இதே அரசனின் போர்க்குறிப்புகளில், கலகம் செய்த தலைவர்களின் தோலை உரித்துத் தூணில் போர்த்தியதாக அவனே பெருமையோடு சொல்லிக்கொள்கிறான். விருந்துக் கல்வெட்டும் தோலுரிப்புக் குறிப்பும் ஒரே வாயிலிருந்து வந்தவை. எதிரிகள் கட்டிய கதை என்று தள்ளிவிட வழியில்லை. பணிந்தால் இலை, பணியாவிட்டால் தூண். அந்த ஐயாயிரம் பேரும் ஊருக்குத் திரும்பி இரண்டையுமே சொல்லியிருப்பார்கள்.

கி.பி. 750இல் அரபுப் பேரரசை ஆண்ட உமையா மரபினரை வீழ்த்திய அப்பாசியர், அந்தக் குடும்பத்து ஆண்களைப் பாலஸ்தீனத்தில் ஒரு நதிக்கரையில் விருந்துக்கு அழைத்து அடித்துக் கொன்றனர். உயிர் அடங்காத உடல்கள்மேல் விரிப்பைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து உண்டதாக அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1223இல் கால்கா ஆற்றுப் போருக்குப் பின், உயிருக்கு ஆபத்தில்லை என்ற சத்தியத்தை நம்பிச் சரணடைந்த ருஷ்ய இளவரசர்களைக் கீழே கிடத்தி, மேலே பலகை பரப்பி, மங்கோலியர் விருந்துண்டனர் என்கிறது நோவ்கோரோத் நாளாகமம். கீழே கிடந்தவர்கள் நசுங்கி இறந்தார்கள். விருந்துக்கு முன் கொலை, விருந்துக்குப் பின் கொலை என்ற வரிசையே இங்கு இல்லை. விருந்தே கொலைக் கருவி.

தமிழிலும் இதற்கு ஓர் இலக்கிய உறவு உண்டு. முதற் குலோத்துங்கனின் படை கலிங்கத்தை வென்றதைப் பாடும் ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி, களத்தில் விழுந்த பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் சமைத்து உண்ணும் பகுதியில் உச்சம் பெறுகிறது. அடுப்பு, பானை, அகப்பை எதுவும் விடாமல் வருகிறது. பரணி மரபே இப்படித்தான். அது கற்பனை; எந்தச் சோழனும் அப்படி உண்டதாகப் பொருளில்லை. ஆனால் வெற்றியை முழுமையாகப் பாட ஒரு பெரும்புலவருக்குப் பந்தி தேவைப்பட்டது என்பதை நான் சிறிய செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. நினிவேச் சிற்பி கல்லில் செய்ததைச் சொல்லில் செய்யும் மரபு அது.

இனி கடினமான பகுதி. தோற்ற எதிரியை விட்டுவிட்டு, தன் சொந்த அவையினரை, நண்பர்களை, உறவினரை உட்காரவைத்துக்கொண்டு நடத்தும் கொடுமை. இதற்கு ரோமைப் போல வளமான ஆவணம் வேறெங்கும் இல்லை. அங்கே இது எப்படி வளர்ந்தது என்பதையும் பார்க்க முடிகிறது.

கி.மு. 192இல் கான்சலாக இருந்த லூசியஸ் ஃபிளாமினினஸ், கால் நாட்டில் ஒரு விருந்தின்போது, உடனிருந்த தன் ஆசைக்குரியவரை மகிழ்விக்க ஒரு மனிதனைக் கொன்றான். கொல்லப்பட்டவன் அடைக்கலம் கேட்டு வந்தவன் என்றும், தண்டனை பெற்றிருந்த கைதி என்றும் இருவகையாகச் சொல்லப்படுகிறது. கி.மு. 184இல் தணிக்கை அதிகாரியாக வந்த கேட்டோ இதற்காக அவனைச் செனட்டிலிருந்து நீக்கினார். அவன் உடன்பிறந்தவன் கிரேக்கத்தை விடுவித்த மாவீரன் என்பதும் அவனைக் காப்பாற்றவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்து அகஸ்டஸ் காலத்துக்கு வருவோம். வேடியஸ் போலியோ என்ற செல்வந்தன் தன் குளத்து விலாங்குகளுக்கு அடிமைகளை இரையாக்குபவன். பேரரசர் விருந்துக்கு வந்திருந்த நாளில் ஓர் அடிமை படிகக் கிண்ணத்தை உடைத்துவிட்டான். குளத்தில் எறியச் சொன்னான் போலியோ. அடிமை அகஸ்டஸின் காலில் விழுந்து, வேறு எப்படியாவது சாகவிடுங்கள் என்று கெஞ்சினான். அகஸ்டஸ் அவனை விடுவித்தார். வீட்டிலிருந்த படிகக் கிண்ணங்கள் அத்தனையையும் உடைக்கவும் குளத்தைத் தூர்க்கவும் ஆணையிட்டார். முதல் நிகழ்ச்சியில் தடுத்தது ஒரு பதவி, சட்டம் தந்த அதிகாரம். இரண்டாவதில் தடுத்தது, போலியோவைவிடப் பெரிய ஆள் ஒருவர் அன்று பந்தியில் இருந்த தற்செயல். பின்னாளில் பேரரசனான கலிகுலாவின் பந்தியில் அவனைவிடப் பெரியவர் எவருமில்லை.

கலிகுலா பகலுணவு உண்ணும்போது எதிரே சித்திரவதை விசாரணை நடக்கும் என்றும், தலைவெட்டுவதில் தேர்ந்த சிப்பாய் ஒருவன் அருகில் நிற்பான் என்றும் சூட்டோனியஸ் எழுதுகிறார். அவற்றையெல்லாம் தாண்டி என் மனத்தில் தைத்து நிற்பது செனெகா சொல்லும் பாஸ்டர் என்ற ரோமப் பிரபுவின் கதை. அவருடைய மகன் நேர்த்தியாக உடுத்தினான், தலைமயிரை அழகாக வைத்திருந்தான். அது பிடிக்காமல் கலிகுலா அவனைச் சிறையில் அடைத்தான். தகப்பன் வந்து மன்றாடினார். மன்றாடியதே நினைவூட்டியதுபோல் மகனை உடனே கொல்லச் சொன்னான். அன்று மாலையே தகப்பனை விருந்துக்கு அழைத்தான். பாஸ்டர் போனார். முகத்தில் எந்தக் குறையும் காட்டவில்லை. பெரிய கிண்ணம் நிறைய மது வந்தது. மகனின் இரத்தத்தையே குடிப்பதுபோலக் குடித்து முடித்தார். வாசனைத் தைலமும் மாலையும் வந்தன. எடுத்து அணிந்துகொள்கிறாரா என்று பார்க்க ஓர் ஆளை நிறுத்தியிருந்தான் கலிகுலா. அணிந்துகொண்டார். மகனைப் புதைத்த நாளில், வாதநோயில் நொந்த கிழவர், பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக்கூடக் குடிக்காத அளவு குடித்தார். ஏன் என்று செனெகாவே கேட்டு விடையும் தருகிறார்: அவருக்கு இன்னொரு மகன் இருந்தான்.

இதை எழுதும்போதும் கை தயங்குகிறது. ஆனால் நான் தேடும் விடை இந்த விருந்தில்தான் இருக்கிறது. மகன் செத்துவிட்டான், அவனை இனி எதுவும் செய்ய முடியாது. அந்த விருந்து தகப்பனுக்காக நடந்தது. அவர் விழுங்கும் ஒவ்வொரு கவளமும், நடந்தது சரியே என்று ஊரறியச் சொன்ன ஒப்புதல். சிறையில் அடித்து வாங்கும் ஒப்புதல் வேறு. மாலை போட்டு, சிரித்த முகத்தோடு, தன் கையால் எடுத்துக் குடித்துக் கொடுக்கும் ஒப்புதல் வேறு. உணவை ஏற்பது நம்பிக்கையின் செயல். உப்பிட்டவனுக்குக் கட்டுப்படுவது என்பது எல்லா மக்களிடமும் உள்ள அறம். அந்த அறத்தையே எடுத்து விருந்தினரின் கழுத்தில் கயிறாக மாட்டினான் அவன்.

கி.பி. 55இல் பேரரசன் நீரோவின் விருந்தில், முந்தைய பேரரசரின் மகனும் பதினான்கு வயது நிறைவதற்குச் சில நாளே இருந்தவனுமான பிரிட்டானிகஸுக்கு நஞ்சு கொடுக்கப்பட்டபோது நடந்ததை டாசிட்டஸ் கூர்ந்து எழுதியிருக்கிறார். பானத்தைச் சுவைபார்ப்பவன் சுவைத்தான். சூடு அதிகம் என்று சிறுவன் தள்ளினான். ஆற்றுவதற்கு ஊற்றிய குளிர்ந்த நீரில் நஞ்சு இருந்தது. சிறுவன் பேச்சற்று மூச்சற்று விழுந்தான். விவரமறியாதவர்கள் எழுந்து ஓடினார்கள். விவரமறிந்தவர்கள் அசையாமல் உட்கார்ந்து நீரோவின் முகத்தைப் பார்த்தார்கள். அவன், இது பழைய காக்காய்வலிப்பு, சரியாகிவிடும் என்றான். சிறிது நேர மௌனத்துக்குப் பிறகு விருந்து தொடர்ந்தது. சிறுவனின் அக்காள் ஆக்டேவியா, நீரோவின் மனைவி, அதே பந்தியில் இருந்தாள். வயது குறைவானாலும் துயரத்தை மறைக்க அதற்குள் கற்றிருந்தாள்.

இரத்தம் சிந்தாமலே இதைச் செய்து காட்டியவன் ரோமப் பேரரசன் டொமிஷியன். கூரை, சுவர், தரை எல்லாம் கறுப்பு பூசிய அறை. செனட்டர்களை இரவில், பணியாள் துணையின்றித் தனித்தனியே வரச்சொன்னான். ஒவ்வொருவர் அருகிலும் அவரவர் பெயர் பொறித்த, கல்லறைக் கல் வடிவிலான பலகை. கல்லறையில் தொங்கும் சிறுவிளக்கு. உடலெல்லாம் கறுப்பு பூசிய சிறுவர்கள் வந்து பேய்போல ஆடி, ஆளுக்கொருவர் காலடியில் அமர்ந்தனர். இறந்தோருக்குப் படைக்கும் பண்டங்கள் கறுப்புத் தட்டில் வந்தன. டொமிஷியன் மட்டும் பேசினான். பேச்செல்லாம் சாவும் கொலையும். பின்னர் அறிமுகமில்லாத அடிமைகளோடு அவர்களை வீட்டுக்கு அனுப்பினான். வீடு சேர்ந்து மூச்சுவிடும் நேரத்தில் அரண்மனை ஆள் வந்திருப்பதாகச் செய்தி. கொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று நடுங்கியவர்களுக்குப் பரிசுகள் வந்திறங்கின: அந்தப் பெயர்ப்பலகை வெள்ளியாலானது, அந்தத் தட்டுகள், அந்தச் சிறுவன். இதைப் பதிவு செய்தவர் காசியஸ் டியோ. அன்று யாரும் சாகவில்லை, ஆனால் வந்தவர் அனைவரும் ஓரிரவு பிணமாக இருந்துவிட்டு வந்தனர்.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது? கிரேக்க எழுத்தாளர் செனபோன், சைரக்யூஸ் நகரத்துக் கொடுங்கோலன் ஹைரோ பேசுவதாக ஓர் உரையாடல் எழுதினார். சாதாரண மனிதனுக்குச் சோற்றில் கிடைக்கும் இன்பம் எனக்கில்லை என்கிறான் ஹைரோ. உண்பதையும் குடிப்பதையும்கூட ஐயப்பட்டே தொட வேண்டியிருக்கிறது என்கிறான். அதே நகரத்தில் பின்னர் ஆண்ட டயோனிசியஸ், தன்னைப் புகழ்ந்த டாமகிளஸைப் பந்தியில் உட்காரவைத்து, தலைக்குமேல் ஒற்றைக் குதிரைமயிரில் வாளைத் தொங்கவிட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அரச வாழ்வு ஆபத்தானது என்ற நீதிக்காகவே அதைச் சொல்வார்கள். அதில் எனக்குப் படுவது வேறு. டயோனிசியஸ் தன் அச்சத்தை எடுத்து விருந்தினரின் இருக்கைக்குமேல் மாட்டினான். வாயைத் திறந்து, பிறர் சமைத்ததை உள்ளே விடும் நேரம்போல மனிதன் காப்பற்றிருக்கும் நேரம் வேறில்லை. எவரையும் நம்ப முடியாதவனுக்குப் பந்தி தினமும் வரும் ஆபத்து. எதிரே இருப்பவன் தன்னைவிட அதிகமாக அஞ்சினால்தான் அவனால் ஒரு வாய் உண்ண முடிகிறது.

ஸ்டாலினின் கடைசி ஆண்டுகள் இதற்கு மிகத் தெளிவான சான்று. மாஸ்கோவை ஒட்டிய குந்த்செவோ மாளிகையில் இரவு விருந்து விடியும்வரை நீளும். ஒவ்வொரு பண்டத்தையும் வேறொருவர் முதலில் உண்ட பிறகே ஸ்டாலின் தொடுவார். இதை நீ சாப்பிட்டுப் பார்த்தாயா என்று அன்போடு கேட்பதே அதற்கு வழி என்று குருஷேவ் நினைவுகூர்கிறார். யூகோஸ்லாவியாவின் மிலோவான் ஜிலாஸ் 1948இல் கண்ட விருந்தில், வெளியே எத்தனை பாகை குளிர் என்று ஊகிக்க வேண்டும். தவறிய ஒவ்வொரு பாகைக்கும் ஒரு கிண்ணம் வோட்கா. உட்காரப்போகிறவரின் நாற்காலியில் தக்காளி வைப்பார்கள். ஐம்பது வயது தாண்டிய கனத்த உடம்போடு குருஷேவ் குந்தியபடி உக்ரைனிய நடனம் ஆட வேண்டும். அதே உக்ரைனில் 1946-47இல் பஞ்சம். சோவியத் நாடெங்கும் இறந்தவர்கள் பத்து இலட்சத்துக்கும் மேல் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களின் வீட்டைப் பாருங்கள். ஸ்டாலினின் செயலாளர் பஸ்க்ரேபிஷேவின் மனைவி 1939இல் கைதாகி 1941இல் சுடப்பட்டார். அவர் தொடர்ந்து செயலாளராக இருந்தார், விருந்துகளுக்கு வந்தார். ஸ்டாலினின் நெடுநாள் சகா மாலட்டோவின் மனைவி 1949 ஜனவரியில் கைது செய்யப்பட்டார். மாலட்டோவும் விருந்துக்கு வந்தார். 1952இன் இறுதியில் அவரையும் இன்னொரு மூத்த சகா மிகோயானையும் அழைப்பதை ஸ்டாலின் நிறுத்தியபோது, எப்படியாவது இடம்பிடிக்க அவர்கள் முயன்றார்கள். அழைப்பு நின்றால் அடுத்து வருவது என்ன என்று இருவருக்கும் தெரியும். பாஸ்டருக்குப் பத்தொன்பது நூற்றாண்டுக்குப் பின்னும் அதே பந்தி.

மதுரையிலும் இப்படி ஒரு பந்தி நடந்தது. நேரில் இருந்தவரே எழுதியிருக்கிறார். 1340களில் மதுரைச் சுல்தானாக இருந்த கியாசுத்தீன் தாமகானியும் பயணி இப்னு பதூதாவும் ஒரே வீட்டில் பெண்ணெடுத்தவர்கள். மதுரைச் சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீனின் மகள்களை மணந்தவர்கள், நம் முறையில் சகலைகள். ஒருநாள் சுல்தானுக்கு வலப்பக்கம் காஜியும் இடப்பக்கம் இப்னு பதூதாவும் அமர்ந்து உண்டுகொண்டிருந்தார்கள். கைதி ஒருவனை மனைவியோடும் ஏழு வயது மகனோடும் கொண்டுவந்தார்கள். சுல்தான் கையசைத்து அவன் தலையை வெட்டச் சொன்னான். பிறகு மகனையும் மனைவியையும் என்றான். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி பார்த்தபோது தலைகள் தரையில் கிடந்தன. ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளனைக் கொன்று, உரித்த தோலில் வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டதையும் அவர் கண்டார். பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை வேறெந்த அரசனிடமும் கண்டதில்லை என்றும், அதனாலேயே இறைவன் இவன் சாவை விரைவுபடுத்தினான் என்றும் தம் நூலில் கண்டித்தார். உறவினர், ஒரே மதத்தவர், விருந்தினர். ஆனாலும் அந்த வேளையில் அவரால் செய்ய முடிந்தது முகத்தைத் திருப்புவது மட்டுமே. அதையாவது செய்தார் என்பதால் எனக்கு அவர்மேல் மதிப்புண்டு.

இந்தக் கதைகளை எல்லாம் ஒரே எடையில் நம்ப முடியுமா? முடியாது. கொடுங்கோலனின் பந்தி, எதிரிகள் கை வைக்க விரும்பும் முதல் இடம். கழுமரங்களுக்கு நடுவே வலாக்கிய நாட்டு அரசன் விலாட் உணவருந்தும் புகழ்பெற்ற மரவெட்டுப் படம் அவன் இறந்து இருபது ஆண்டுக்குப் பின் ஜெர்மன் நகரங்களில் அச்சாகி விற்றது. அந்நகரத்தாரின் இனத்தவரோடுதான் அவன் மோதியிருந்தான். ரோமப் பேரரசன் எலகபாலஸ் பூக்களைக் கொட்டி விருந்தினரை மூச்சடைக்கச் செய்தான் என்று சொல்லும் நூல் புனைவுகள் மலிந்தது. மத்திய ஆப்பிரிக்காவின் பொக்காசா மனிதக்கறி தின்றான் என்று உலகமே பேசியது. 1987இல் தீர்ப்பளித்த பாங்கி நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை, கொலைகளுக்காகத் தண்டித்தது. சீனத்தில் மதுக்குளமும் இறைச்சி வனமும் அமைத்ததாகச் சொல்லப்படும் ஷாங் வம்சத்துக் கடைசி மன்னனைப் பற்றிக் கன்பூசியஸின் சீடர் ட்சுகோங் அன்றே எச்சரித்தார்: அவன் அவ்வளவு தீயவனாக இருந்திருக்க மாட்டான், தாழ்ந்து போனவனிடம் உலகத்துத் தீமையெல்லாம் வந்து சேரும் என்றார். அதனால்தான் நினிவேச் சிற்பம் போல ஆண்ட அரசனே சொன்னதையும், இப்னு பதூதா, ஜிலாஸ் போல உடனிருந்தவர் சொன்னதையும் முன்னே வைக்கிறேன். மனிதக்கறிக் கதைகளில் இன்னொரு கேடும் உண்டு. பொக்காசா பேரரசனாக முடிசூடிய 1977 டிசம்பர் விழாவுக்கு, உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்றில், சுமார் 2 கோடி டாலர் செலவானது. இரண்டாண்டுக்குள் அவனுடைய சிறையில் பள்ளிச் சிறுவர்கள் கொல்லப்பட்டார்கள். அவன் மாளிகையின் பூட்டிய குளிர்பதன அறையில் என்ன இருந்தது என்ற பேச்சில் அந்தச் சிறுவர்கள் பின்னுக்குப் போய்விட்டார்கள்.

மறுத்தவர்கள் உண்டா? ருஷ்ய ஜார் 'பயங்கர' இவான் தன் குடிவிருந்தில் முகமூடி அணிந்து ஆடச் சொன்னபோது, இளவரசர் ரெப்னின் அதைக் காலில் போட்டு மிதித்தார் என்றும், சில நாளில் கொல்லப்பட்டார் என்றும் இவானிடமிருந்து தப்பியோடிய இளவரசர் கூர்ப்ஸ்கி எழுதுகிறார். இப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. உண்டு உயிர்தப்பியவர்களே அதிகம். இந்த வரலாற்றில் பெரும்பகுதியை நமக்குத் தந்தவர்களும் அவர்களே. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜிலாஸ் தாம் கண்ட விருந்துகளை 'ஸ்டாலினுடன் உரையாடல்கள்' என்ற நூலாக 1962இல் வெளியிட்டபோது ஸ்டாலின் இறந்து ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது. அந்த நூலுக்காக, ஒருகாலத்தில் தோளோடு தோள் நின்ற டிட்டோவின் அரசு அவரை மறுபடி சிறைக்கு அனுப்பியது.